இடது கதவு ஸ்பீக்கரும் நீ காரில் கேட்ட கேள்வியும்

தம்பி,

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். தினமும் உன் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுகிறாய். அங்கே குழம்பில் உப்பில்லை என்பது வரைக்கும் செய்தி வந்துவிடுகிறது. எனக்குத்தான் ஒரு போனும் இல்லை. அதனால் நலம் விசாரிக்கிற வேலையை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் கடுப்பில் இருக்கிறேன். உன்மேல் பாதி, என்மேல் பாதி. எந்தப் பாதி பெரியது என்று எழுதி முடித்தால்தான் தெரியும்.

நீ புனேவுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. போவதற்கு முன்னால் காரிலிருந்த ஸ்பீக்கர் எல்லாவற்றையும் கழற்றி, அட்டைப் பெட்டியில் கட்டிப் பரண்மேல் ஏற்றினாய். முன்கதவு இரண்டிலும் இப்போது வட்டமாக ஓட்டைதான் இருக்கிறது. வெளியூர் போகிறவன் பத்திரமாக எடுத்து வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நானும் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். முந்தாநாள் காலையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே உன் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். நீ வேலையை விட்டுவிட்டு இங்கே மேனாம்பேட்டிலேயே காருக்குப் பாட்டு செட் மாட்டுகிற கடை வைக்கலாம் என்று இருந்தாயாம். இடம்கூடப் பார்த்துவிட்டாயாம். என்னைக் கேட்டாயாம். நான் பதிலே சொல்லாமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேனாம். அன்று ராத்திரியே புனே மாற்றலுக்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டாயாம்.

“எங்கிட்ட எப்ப கேட்டான்?” என்றேன்.

“நூம்பல்ல உன் தம்பி ஊட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போய்ட்டு வந்தீங்களே, அன்னைக்கி கார்ல கேட்டானாம். நீ வாயே தொறக்கலியாம்.”

“கார்ல அவன் ஒண்ணுமே கேக்கலியே.”

அவள் கீரையைக் கீழே வைத்தாள். “வண்டிய யாரு ஓட்னது?”

“அவன்தான்.”

“அப்ப நீ எந்தப் பக்கம் உக்காந்துகினு இருந்த?”

அவ்வளவுதான். அடுத்த நொடி தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்த அர்ச்சனையை எழுத இந்தத் தாள் போதாது. அதில் உனக்குச் சேர வேண்டிய பங்கும் இருக்கிறது, அதைத்தான் இப்போது அனுப்பி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வலது காது கேட்காது. மந்தம் இல்லை, சுத்தமாகக் கேட்காது. நீ பிளஸ் டூ படித்த வருஷத்திலிருந்து இப்படித்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷம் நான் பவர் பிரஸ் ஓட்டியது உனக்குத் தெரியும். தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி ஒரே அடி, ஷிப்ட் முழுக்க அந்த அடிதான். எங்கள் கொட்டகையிலேயே பெரிய பிரஸ் எனக்கு வலது பக்கம் நின்றது. காதில் வைத்துக்கொள்ள ரப்பர் கொடுத்தார்கள். வியர்வையில் அரிக்கிறது என்று நான்தான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். இடது காது எப்படியோ தப்பித்தது. இது உன் அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். தெருவில் நடக்கும்போது அவள் எப்போதும் எனக்கு இடது பக்கம் வருவாள், நீ கவனித்திருக்க மாட்டாய். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது உன் கதைக்கு வா. கார் வாங்கிய மாதமே பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கிற தட்டை அறுத்து, முட்டை வடிவத்தில் இரண்டு பெரிய ஸ்பீக்கரை இறக்கினாய். எதைப் பார்த்து வாங்கினாய்? பெட்டிமேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்த வாட்ஸைப் பார்த்து. அது ஒரு கணம் தாங்குகிற அளவு, நாள் முழுக்கத் தாங்குகிற அளவைப் பொடி எழுத்தில் கீழே போட்டிருப்பான், அதைப் படி என்று சொன்னேன். மோட்டாரில் அடித்திருக்கிற தகட்டைப் படித்தே தலை நரைத்தவன் நான். நீ கேட்கவில்லை. பாட்டைப் போட்டதும் உன் அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். “இன்னாடா இது, யாரோ பின்னாடி உக்காந்துகினு நம்ம பொடனில பாட்றா மாதிரி கீது” என்றாள். பாடுகிறவர் நமக்கு எதிரே அல்லவா நிற்க வேண்டும்? நல்ல ஸ்பீக்கரை முன்கதவில் போடு, கீச்சுக் குரலுக்கான சின்ன ட்வீட்டரை மேலே கண்ணாடி மூலையில் வை, பின்னால் இருப்பது பேருக்குப் பாடினால் போதும் என்றேன். இதைச் சொல்ல இரண்டு காது தேவையில்லை. “உனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா” என்றாய். ஒரு வருஷம் கழித்து, இன்டர்நெட்டில் எவனோ சொன்னான் என்று அதையே புதிதாகக் கண்டுபிடித்தவன்போல என்னிடம் வந்து விளக்கினாய். நான் “ம்” என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்புறம் அந்த டிக்கி. நாலு பேர் ஊருக்குப் போகிற குடும்பத்தில் டிக்கி என்பது பை வைக்கிற இடம். நீ அதை முழுசாக அடைத்து கனத்த சத்தத்துக்கான ஒரு சப் வூஃபர் பெட்டியை உட்கார வைத்து, நகராமல் இருக்க அடித்தளத்தோடு சேர்த்துத் திருகினாய். ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? மதுரவாயல் தாண்டி பைபாஸில் பஞ்சர் ஆனபோதுதான் யோசித்தாய். வெயிலில், உன் அத்தை மடியில் சீர்த்தட்டோடு உட்கார்ந்திருக்க, திருகு ஒவ்வொன்றாகக் கழற்றி, பெட்டியைத் தூக்கி ரோட்டோரத்தில் வைத்துவிட்டு ஸ்டெப்னியை எடுத்தோம். பைக்கில் போன ஒருவன் நிறுத்தி, “அண்ணாத்தே, இது விக்கவா?” என்று கேட்டான். நீ முறைத்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்போதே வாய்விட்டுச் சிரித்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய் என்று இப்போது தோன்றுகிறது. நம் இரண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் இல்லாமல் போய்விட்டது.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாம் ஒழுங்காக இருந்தோம். முன்கதவில் புது ஸ்பீக்கர் போட்டும் கனத்த பாஸ் சத்தம் வரவில்லை, கதவு கடகடவென்று ஆடுகிறது, ஸ்பீக்கர் மட்டம், மாற்ற வேண்டும் என்று குதித்தாய். நான் கதவுமேல் உள்ளங்கையை வைத்தேன். தகடு எந்த இடத்தில் துடிக்கிறது என்று கைக்குத் தெரியும், அது என் தொழில். இங்கே, இங்கே, கைப்பிடிக்குக் கீழே இங்கே என்று சாக்பீஸில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். நீ கதவின் உள்பக்கத்தை மூடியிருந்த டோர் பேடைக் கழற்றினாய். உள்தகட்டில் இருந்த ஓட்டைகளை எல்லாம் அடைத்து, வட்டம் போட்ட இடங்களில் தகடு துடிக்காமல் இருக்கத் தார் ஷீட்டை ஒட்டி, ரோலர் வைத்துத் தேய்த்தோம். மதியம் சாப்பாட்டைக்கூட உன் அம்மா வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். சாயங்காலம் அதே ஸ்பீக்கர், அதே பாட்டு, கதவு அசையவில்லை. “ஸ்பீக்கர் மேல ஒரு கொறையும் இல்லப்பா, அது உக்காந்த எடம்தான் சரியில்ல” என்றாய். என்னைப் பார்த்துச் சொன்னாய். நான் அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குச் சொல்லவே இல்லை. ஆனால் காதால் கண்டுபிடித்தேன் என்று நீ நினைத்துக்கொண்டாய், “எப்படிப்பா கேட்டுச்சு உனக்கு?” என்று கேட்டாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நானோ பெரிய வித்வான்போல மீசையைத் தடவிக்கொண்டேன்.

அதோடு நீ விட்டிருந்தால் வம்பே இல்லை. அடுத்த மாதம் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாய். ஒவ்வொரு ஸ்பீக்கரும் உன் தலைக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டுமாம். கிட்டத்தில் இருப்பதைக் கொஞ்சம் தாமதமாகவும் சன்னமாகவும் பாட வைத்து, தூரத்தில் இருப்பதை உரக்கப் பாட வைத்தால், குரல் நேராக டேஷ்போர்டு நடுவிலிருந்து வருமாம். நீ டிரைவர் சீட்டில் மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். நான் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் டிக்கிக்கும் ஓடினேன். எல்லாம் அளந்தாய். ஒரு தடவையாவது அந்த டேப்பைப் பக்கத்து சீட்டுப் பக்கம் நீட்டினாயா? அந்த சீட்டில் ஒரு மனிதன் உட்கார்ந்து வருகிறானே, அவனுக்கு எப்படிக் கேட்கும் என்று கேட்டாயா? உனக்குத் தூரத்தில் இருப்பது எது? இடது கதவு. அதை உரக்க வைத்தாய். அது இருப்பது யார் பக்கம்? என் பக்கம். என்னிடம் மிச்சம் இருக்கிற ஒரே காதுக்கு ஒரு முழம் தள்ளி.

அதற்குப் பிறகு நீ டீசல் போட இறங்கும்போதெல்லாம் நான் இடது பக்கத்தைக் குறைத்து வைத்தேன். நீ ஏறியதும், “யாருப்பா பேலன்ஸ நோண்டனது? ஒரு பக்கம் மட்டும் பாட்னா அதுக்குப் பேரு ஸ்டீரியோவா?” என்று எரிந்து விழுவாய். நான் வேண்டுமென்றே உன் வேலையைக் கெடுக்கிறேன் என்று நினைத்தாய். எனக்கு அந்தப் பாட்டு கொஞ்சம் அடங்கினால்தான் நீ பேசுவது காதில் விழும், அதற்காகத்தான் திருகினேன். கடைசியில் நீ அந்த செட்டில் ஏதோ நம்பர் போட்டுப் பூட்டியே விட்டாய். பூட்டிய பிறகு நானும் அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. காரில் நீ ஏதாவது சொல்வதுபோல் வாய் அசைந்தால் “ம்” என்று தலையாட்டுவதோடு சரி.

நூம்பலிலிருந்து வந்த அன்றைக்கு அந்த ம்கூட இல்லை. வேலப்பன்சாவடி சிக்னல் தாண்டி பைபாஸ் ஏறியதும், சுருள் சுருளாகத் தகடு ஏற்றிய ஒரு லாரி நம் இடது பக்கம் வந்தது. சங்கிலியை ஒழுங்காகக் கட்டியிருக்கிறானா என்று நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் உன் சித்தப்பன் வீட்டு பாத்ரூம் தரைக்கு வாட்டம் சரியில்லையே, தண்ணீர் தேங்குமே என்ற யோசனை வேறு. இடது கதவு என் காதில் முழங்கிக்கொண்டிருந்தது. நீ அந்த நேரத்தில்தான் உன் வாழ்க்கையையே என்னிடம் கேட்டிருக்கிறாய். எதற்குடா பாட்டை வைத்துக்கொண்டு கேட்டாய்? இவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்கிறவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, பாட்டை அணைத்துவிட்டு, மூஞ்சியைப் பார்த்துக் கேட்க மாட்டானா? கொஞ்ச நேரம் கழித்து நீயாகவே பாட்டை நிறுத்தினாய். அதற்கு நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “ஏண்டா நிறுத்திட்ட? நல்லாத்தானே போய்க்கினு இருந்துச்சு” என்றேன். முந்தாநாள் உன் அம்மா சொன்னதைக் கேட்ட பிறகு அந்த வார்த்தை உன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்தேன்.

நீ ஏன் மூஞ்சியைப் பார்த்துக் கேட்கவில்லை என்பதற்கும் பதில் என்னிடம்தான் இருக்கிறது. பிளஸ் டூ முடித்ததும் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ சேர்கிறேன் என்று விண்ணப்பத்தோடு வந்து நின்றாய். நான் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. “நான் கைல அழுக்கோட ஊட்டுக்கு வர்றது பத்தாதா, நீயும் வரணுமா?” என்று கத்தினேன். விண்ணப்பத்தை நாலாக மடித்து ஜன்னல் கம்பியில் செருகினேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் நான் சொன்ன கம்ப்யூட்டர் படிப்பில் சேர்ந்தாய், வேலைக்கும் போனாய், எஸ்டேட்டுக்கு எதிரிலேயே கண்ணாடிக் கட்டிடத்தில் உட்கார்ந்தாய். நான் பெருமையாகத்தான் திரிந்தேன். அப்படிக் கத்தினவனிடம் இரண்டாவது தடவை கேட்பதற்கு உனக்குப் பாட்டுச் சத்தம் துணையாக வேண்டியிருந்திருக்கிறது. ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டால்தான் வாய் வந்திருக்கிறது. விஷயம் தெரிந்த பிறகு அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மணி நேரம்தான் ஆனது, ஆனால் நீ அதற்கு முன்பே புனேவுக்குப் போய்விட்டாய்.

காதை ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு முறை காதுக்குப் பரிசோதனை உண்டு. கண்ணாடி வைத்த சின்ன அறையில் உட்கார வைத்து, சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். வலது காது முறை வந்ததும் நான் கண்ணாடி வழியாக அந்த ஆளின் விரலைப் பார்ப்பேன். அவர் விரல் அசைந்தால் நான் பொத்தானை அழுத்துவேன். இப்படியே எல்லா வருஷமும் தேறினேன். தேறாதவர்களை பிரஸ்ஸிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயம். எங்கள் ஷிப்டில் காது போன ஒருவரை டமாரம் என்று கூப்பிடுவோம். நானும்தான் கூப்பிட்டேன், எல்லோரையும்விட உரக்கக் கூப்பிட்டேன். அந்தப் பேரை என் வீட்டில் என் பிள்ளை முன்னால் வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. வேலை ஓய்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் ம் சொல்லியே பழகிவிட்டது.

நேற்றுக் காலை நீ பார்த்து வைத்த இடத்துக்கு நடந்தே போனேன். பஞ்சர் கடைக்குப் பக்கத்தில், ஷட்டர் பாதியில் சிக்கிக்கொள்கிற இடம்தானே? இடத்துக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பெர்சு, நீங்க வேணான்னுட்டீங்களாமே? பையன் மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு வந்து சொல்லிட்டுப் போனான்” என்றார்.

“நான் எங்கய்யா வேணான்னேன்?” என்றேன். “இந்த மாசம் முடியற வரிக்கும் யாருக்கும் உட்றாத. அவன் வருவான்.”

“வருவானா, இல்ல நீங்க சொல்றீங்களா?”

அதை நீதான் சொல்ல வேண்டும். மாசம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்கே காதில் விழுந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று உண்மையாகச் சொல்கிறேன். முதலில் கத்தியிருப்பேன். இரண்டு நாள் உனக்கு முகம் கொடுத்திருக்க மாட்டேன். மூன்றாம் நாள் அந்த ஷட்டருக்கு எண்ணெய் போட நானே கிளம்பியிருப்பேன். தரை ரோட்டைவிடத் தாழ்ந்திருக்கிறது, மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும், அரை அடி தூக்க வேண்டும் என்று உன்னிடம் சண்டை போட்டிருப்பேன். அந்தச் சண்டையை இப்போதும் போடத் தயாராக இருக்கிறேன். எனக்குப் பயமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நல்ல வேலையை விடுவது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் உன் காது. நாள் முழுக்க அடைத்த காருக்குள் உட்கார்ந்து சத்தத்தைச் சோதிக்கிற வேலை அது. காதுக்கு ரப்பர் வைத்துக்கொள்வாய், அரித்தாலும் வைத்துக்கொள்வாய், சட்டைப் பையில் போட மாட்டாய். இது யோசனை இல்லை, கட்டளை. இன்னொன்று, உன்னிடம் வண்டியைக் கொண்டுவருகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், ஓட்டுகிறவன் தலைக்கு மட்டும் அளந்து அனுப்பாதே. பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று ஒரு வார்த்தை கேள்.

என் பதில் இதுதான். வை. கடையை வை. பிளஸ் டூ முடித்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், எனக்குத்தான் புத்தி இல்லை. அங்கேயே இருப்பதுதான் நல்லது என்று உனக்கே இப்போது தோன்றினால் இரு, அதற்கும் நான் வருத்தப்பட மாட்டேன். ஆனால் நான் வேண்டாம் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டு அங்கே ஒரு நாள்கூட இருக்காதே. நான் அப்படிச் சொல்லவில்லை, தம்பி. நீ கேட்டதே எனக்குக் கேட்கவில்லை.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணு. அம்மாவுக்கு இல்லை, எனக்கு. எல்லாவற்றையும் எழுதிவிட்டேனே, இனி என்ன பேசுவது என்று நினைக்காதே. அன்று காரில் கேட்டதை முதலிலிருந்து, அப்படியே, உன் வாயால் கேள். போனை இடது காதில்தான் வைத்திருப்பேன்.

உன் அப்பா